வணிகவியல் கையேடு, மூன்று மூட்டை

கச்சேரி சாலை, மயிலாப்பூர்
16 ஜூன் 2025

அன்பு மகள் சிம்ராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமா என்று கேட்டால் "உங்களால் நலமில்லை" என்பாய். அதனால் கேட்கவில்லை. எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. பக்ரீத்துக்கு நீ வராததால் உன் பங்கு பிர்னியையும் நானே சாப்பிட வேண்டியதாகிவிட்டது. குற்றம் உன்னுடையது.

போனில் என்னைத் தடுத்து வைத்துவிட்டாய், வாட்ஸ்அப்பிலும். பக்கத்துக் கடை போனிலிருந்து கூப்பிட்டால் என் இருமலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாய். தபால்காரரைத் தடுத்து வைக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். பத்தாவதில் நான் தேறிய பாடம் தமிழ் ஒன்றுதான். அது இன்றைக்காவது உபயோகப்படட்டும்.

நான் என்ன கொலையா செய்துவிட்டேன்? ஏப்ரலில் நீயும் அந்தப் பெண்ணும் மூன்று மூட்டையைக் கொண்டுவந்து நம் ஸ்டேஷனரிக் கடைப் பரணில் ஏற்றினீர்கள். "டி.நகர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க அத்தா, ரெண்டு மாசம் இங்க இருக்கட்டும்" என்றாய். சரி என்றேன். இந்த மாதம் பரணில் எலித் தொல்லை. மூட்டையை இறக்கினேன், ஒன்று பிரிந்துகொண்டது. உள்ளே அத்தனையும் பழுப்புத் தாள் அட்டை போட்ட புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் நம் கடை லேபிள். அதில் உன் கையெழுத்தில் "பிளஸ் ஒன் வணிகவியல் கையேடு", "பிளஸ் டூ கணக்குப்பதிவியல் கையேடு".

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் நூலகம் நடத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, பெண்பிள்ளைகள் பாஸ் பண்ணுவதற்கு நடத்துகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பரணில் எலி தின்பதை விடப் படிக்கிற பிள்ளைக்குப் போகட்டும் என்று, நம் அடுக்ககச் சங்கம் நடத்தும் இலவச ட்யூஷனுக்கு, என் மகளின் புத்தகங்கள் என்று சொல்லியே மூன்று மூட்டையையும் கொடுத்தேன். தலைவர் ராகவேந்திரன் சார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். ஏற்கனவே நான் அங்கே பொருளாளர். சமோசா வாங்கி வருபவனுக்குச் சங்கத்தில் அப்படித்தான் பெயர்.

இதற்குத்தான் நீ போனில் "எங்க உயிரைத் தூக்கிக் குடுத்துட்டீங்க" என்று கத்தினாய். கையேட்டுக்கு ஏனம்மா உயிர்? எந்தெந்தப் பாடம் என்று எழுது. புதுப் பாடத்திட்டத்திலேயே வாங்கித் தருகிறேன்.

அத்தா
பீர் முஹம்மது


ஆதம்பாக்கம்
21 ஜூன் 2025

அத்தா, சலாம்.

இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் ரோஜாப்பூப் படத்தோடு சேர்த்துக் குடும்பக் குழுவில் போட்டுவிடுவீர்கள். அதனால் நானும் தபாலில்.

எந்தெந்தப் பாடம் என்று கேட்டிருக்கிறீர்கள். வணிகவியல் கையேட்டுக்குள் இருந்தது, இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து கிழவிகளான கதை. கணக்குப்பதிவியலுக்குள், புருஷன் வீட்டை விட்டு வந்த ஒருத்தி தன் கையால் எழுதிக் கொடுத்த வாழ்க்கை வரலாறு. அதற்கு வேறு பிரதி கிடையாது. வேதியியல் என்று போட்டதெல்லாம் லெஸ்பியன் கவிதைகள். அகராதியைத் தேட வேண்டாம், அந்த வார்த்தைக்கு உங்கள் மகள் என்று பொருள். இரண்டு வருடம் முன்பு இதை உங்கள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள்.

"ஜன்னலோரம்" நூலகத்துக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. எந்தப் புத்தகமும் சொந்த முகத்தோடு அறையை விட்டு வெளியே போகாது. எங்களிடம் படிக்க வருபவர்களுக்கு மாமியார் இருக்கிறாள், விடுதி வார்டன் இருக்கிறாள், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரன் இருக்கிறான். வணிகவியல் கையேட்டை மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நீங்களே சாட்சி. யாருக்கும் இங்கே சம்பளம் இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் சனி ஞாயிறுகளில் உட்கார்ந்து உங்கள் கடைத் தாளில் உங்கள் கடை லேபிளை ஒட்டி அட்டை போட்டோம். டி.நகர் வீட்டுக்காரர் "குடும்பஸ்தர்கள் இருக்கிற கட்டடம்" என்று எங்களைத் துரத்தியபோது, "என் அத்தா வைத்துக்கொள்வார்" என்று பெருமையாகச் சொன்னவள் நான். அந்தப் பெருமையைப் போன வாரக் கூட்டத்தில் எல்லோரும் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நீங்கள் திறந்து பார்க்கவில்லை என்பதை நான் நம்பவில்லை. ஒரு குயர் தாள் வந்தாலும் பிரித்து எண்ணிப் பார்க்கிறவர் நீங்கள்.

அடையாறில் புது அறை கிடைத்திருக்கிறது. ஜூலை கடைசி ஞாயிறு திறப்பு. அதற்குள் மூட்டைகள் வராவிட்டால் நூலகம் முடிந்தது. நம் உறவும் அதோடு சேர்த்தி.

சிம்ரா


மயிலாப்பூர்
27 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்று. நான் திறந்து பார்க்கவில்லை. தாளை எண்ணுவேன், எழுத்தை எண்ண மாட்டேன். எழுதியிருக்கிற தாளைத் திறந்தாலே எனக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும், உடனே மூடிவிடுவேன். முப்பது வருடமாகப் புத்தகம் விற்கிறவன் இப்படிச் சொன்னால் நம்ப மாட்டாய். அல்வாக் கடைக்காரன் அல்வா தின்கிறானா, போய்க் கேட்டுப் பார்.

நேற்று ட்யூஷன் அறைக்குப் போனேன். மூட்டையைச் சத்தமில்லாமல் தூக்கி வந்துவிடலாம் என்று நினைப்பு. அலமாரி பூட்டியிருந்தது. சாவி ராகவேந்திரன் சாரிடம் என்றார்கள், அவர் வீட்டுக்கே போனேன். அவர் இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், உனக்குத் தெரியும். செத்தவனே நேரில் வந்து சொன்னாலும் "நிஜமாவே செத்தியா?" என்று கேட்கிற ஆள்.

"வாங்கோ பாய், உக்காருங்கோ. ஷாக் ஆகாம கேளுங்கோ. நீங்க குடுத்தது கையேடே இல்லை."

"அப்படியா சார்?" என்றேன். நடிப்பில் நான் நன்றாகத் தேறுவேன்.

மேஜை மேல் உங்கள் புத்தகங்கள் அடுக்கி வைத்திருந்தன. பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டியிருந்தது. ரோஸ் கலர் என்றால் ஆபாசம், மஞ்சள் என்றால் குடும்ப விரோதம். எல்லாச் சீட்டும் நம் கடையில் வாங்கியது. போன வாரம் அவ்வளவு வாங்குகிறாரே, பேரனுக்குப் போல என்று நினைத்து ஒரு பேனா வேறு இலவசமாகக் கொடுத்தேன்.

"ஒரு பக்கம் விடலை பாய். ஊருக்காக உக்காந்து படிச்சேன்."

"ரொம்பக் கஷ்டமா இருந்துதா சார்?"

"கேக்காதீங்கோ. சிலதை ரெண்டு தடவை படிக்க வேண்டியதாப் போச்சு."

பிறகு ஒரு பக்கத்தை எனக்கு வாசித்தே காட்டினார். இரண்டு கிழவிகள் மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று சண்டை போடுகிறார்கள். ஒருத்தி கோபித்துக்கொண்டு வாசலில் உட்காருகிறாள், இன்னொருத்தி வந்து சோற்றைப் பிசைந்து நீட்டுகிறாள். அவ்வளவுதான். அதற்கும் ரோஸ் சீட்டு.

"இதுல என்ன சார் ஆபாசம்?"

"அதான் பாய் ஆபத்து. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு பாருங்கோ."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். அதில் நான் ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் மகள் எனக்குத் தெரியாமல் இவற்றை என் கடையில் ஒளித்து வைத்தாள், நான் இவற்றைக் கண்டிக்கிறேன் என்று. கையெழுத்துப் போட்டால் என் பெயருக்கு ஒன்றும் வராது. மூட்டைகள் காகித ஆலைக்குப் போகும். போடாவிட்டால் மூட்டைகளை என்ன செய்வதென்று சங்கம் முடிவு செய்யுமாம்.

யோசித்துப் பார்க்கிறேன் சிம்ரா. எனக்குத் தெரியாது என்பது உண்மைதானே? உண்மைக்குக் கீழே கையெழுத்துப் போடுவதில் என்ன தப்பு? மூட்டையைப் பிறகு ஆலைக்காரனிடம் பேசி மீட்டுக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை. நீ என்ன சொல்கிறாய்?

அத்தா


ஆதம்பாக்கம்
1 ஜூலை 2025

அத்தா,

கையெழுத்துப் போடுங்கள். உங்களுக்கு நன்றாக வரும்.

நோன்புப் பெருநாள் அன்று ஜெனிதாவை அழைத்துக்கொண்டு வந்தேன். அவள் பட்டினப்பாக்கத்தில் விடியற்காலையில் போய் நின்று உங்களுக்குப் பிடித்த வஞ்சிரம் வாங்கி வந்திருந்தாள். ஹபீபுர் ரஹ்மான் மாமா "இது யாரும்மா?" என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பதில் சொன்னீர்கள். "பேயிங் கெஸ்ட். சிம்ரா வீட்டுல தங்கிக்கினு கீது." சொல்லிவிட்டு அவள் தட்டில் இன்னொரு கரண்டி பிரியாணி போட்டீர்கள்.

அந்த வீடே ஜெனிதா பெயரில்தான் இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "நைனா செம ஆளுப்பா. என் வூட்லயே என்ன கெஸ்ட் ஆக்கிட்டாரு." கிண்டி தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சோறு நீட்ட ஒருத்தி இருந்தாள் என்று உங்கள் தலைவர் வாசித்துக் காட்டினாரே. அது எங்கள் நூலகத்தில் எல்லோரும் அழுத பக்கம். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

பூட்டை உடைத்துத் தூக்கி வரலாம் என்று ஜெனிதா தன் அண்ணன்மார்களைத் திரட்டிக்கொண்டு நிற்கிறாள். நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் மேல் இருக்கிற மரியாதையால் இல்லை. அந்தப் பூட்டுக்கு அவர்கள் பத்து பேர் அதிகம்.

இனி எழுத வேண்டாம்.

சிம்ரா


மயிலாப்பூர்
7 ஜூலை 2025

சிம்ராவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். சொன்னதைக் கேட்கிற ஆளாக இருந்தால் உன் அம்மா இருந்தபோதே திருந்தியிருப்பேன்.

நேற்று கூட்டம், கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு மின்விசிறி, ஒரு மைக். ஆண்கள் முன்வரிசையில், பெண்கள் படிக்கட்டில். ராகவேந்திரன் சார் பேசினார். சமுதாயம் என்று ஆரம்பித்தால் அவருக்கு மூச்சு வாங்காது. புத்தகங்களை மேஜையில் அடுக்கி மேலே ஒரு துண்டு போர்த்தியிருந்தார், பிணத்துக்குப் போர்த்துவது போல. அவ்வப்போது துண்டைத் தூக்கி ஒன்றை எடுத்து, ஆட்டிக் காட்டிவிட்டு, மறுபடி போர்த்தினார். முன்வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டு அறிக்கையைக் கையில் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடுகிற நினைப்பில்தான் எழுந்தேன், பொய் சொல்லவில்லை. பேனாவைத் திறந்துவிட்டேன். அதற்கு முன் படித்துப் பார்ப்போமே என்று தோன்றியது. உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வந்த புதுப் பழக்கம். அதில் "என்னை வஞ்சித்த என் மகள்" என்று தட்டச்சு அடித்திருந்தார்கள். உன்னைக் கழுதை என்று சொல்லியிருக்கிறேன், ராங்கிக்காரி என்று சொல்லியிருக்கிறேன். வஞ்சகி என்று நான் சொன்னதில்லை. என் மகளைத் திட்ட என் வாயில் இந்தாள் எதற்கு வார்த்தை வைக்கிறான் என்று ஒரு எரிச்சல்.

"சார், இதுல ஒரு தப்பு கீது" என்றேன் மைக்கில். "புஸ்தகம் எல்லாம் என்னோடது. பொண்ணோடது இல்ல."

ஹபீபுர் ரஹ்மான் எழுந்து, "மச்சானுக்கு வெயில் ஏறிடுச்சுபா. யாராவது மோர் குடுங்க" என்றான்.

"பாய், வெளையாடாதேங்கோ. நீங்க படிச்சிருக்கேளா இதையெல்லாம்?"

"படிக்காம குடுப்பனா சார்? மீன் கொழம்புல உப்பு ஜாஸ்தியாயிடுமே, அந்த எடம் ரொம்ப நல்லாருக்கும். எந்தப் பக்கம்னு சாரைக் கேளுங்க. சீட்டு ஒட்டி வெச்சிக்கிறாரு. சாரு அத்த ரெண்டு தபா படிச்சாரு."

படிக்கட்டிலிருந்து பெண்கள் சிரித்தார்கள். முன்வரிசை திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். நான் துண்டை எடுத்து மடித்து அவர் தோளிலேயே போட்டுவிட்டுப் புத்தகங்களை மூட்டையில் போட ஆரம்பித்தேன். என் பொருளை நான் எடுத்தால் யார் தடுப்பது?

இதோடு கடிதத்தை முடித்திருந்தால் நன்றாக இருக்கும். நான்கூட ஒரு ஆள்தான் என்று நீ நினைத்திருப்பாய். ஆனால் ராகவேந்திரன் விடவில்லை. "சரி பாய், புஸ்தகம் உங்களோடது. ஆதம்பாக்கத்துல உங்க பொண்ணோட ஒருத்தி இருக்காளே, அவ யாரு? அதையும் இந்த மைக்லயே சொல்லிடுங்கோ" என்றார்.

நான், "ஆட்டோ வந்துடுச்சு" என்று சொல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோ வரவில்லை. வெயிலில் வெகு நேரம் நின்றேன்.

பொருளாளர் பதவி போய்விட்டது. சங்கத்துக்கு நோட்டுப் புத்தகம் இனி வேறு கடையிலிருந்து வருமாம். போகட்டும். மூட்டைகளை இந்தக் கடிதத்தோடு ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். நான் கூட வரவில்லை, நீ வரச் சொல்லவில்லை. கட்டும்போதே மூட்டை கொஞ்சம் இளைத்திருப்பதாகத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு குறையலாம்.

அத்தா


ஆதம்பாக்கம்
12 ஜூலை 2025

அத்தா,

மூட்டைகள் வந்தன. ஜெனிதாதான் இறக்கினாள். "இன்னா கட்டு கட்டிக்கிறாரு உங்கத்தா. மூட்டய மட்டும் ஆட்டோ ஏத்திட்டாரே, ஆளு ஏற எடமில்லயாமா?" என்றாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். துண்டை மடித்துப் போட்ட இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு அடுத்த பத்தியை வேகமாகப் படித்துவிட்டுத் தாண்டலாம் என்று பார்த்தேன். "நிறுத்திப் படி" என்றாள். படித்தேன். எழுந்து போய்த் துணி காயப்போட்டாள்.

புத்தகத்தை என்னுடையது என்று சொல்வது சுலபம் அத்தா. அது திருப்பிக் கேள்வி கேட்காது. கூட்டத்தில் நீங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். அவள் மறுபடியும் கெஸ்ட் ஆனாள், இந்த முறை மைக் வைத்து.

தோழிகள் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். சொல்லிவிட்டேன். அது அவர்களுடைய நன்றி, என்னுடையது இல்லை.

பன்னிரண்டு குறைகிறது. அதில் அந்தக் கையெழுத்து வாழ்க்கை வரலாறும் ஒன்று. எழுதிய அம்மா திறப்புக்கு வருகிறார். அவர் புத்தகத்தைத் தொலைத்த நூலகத்தை அவர் கையால் திறக்கச் சொல்ல எனக்கு முகமில்லை. அது கிடைக்காவிட்டால் திறப்பு இல்லை என்று தீர்மானித்திருக்கிறோம். தேடிப் பாருங்கள். தலைவரின் தலையணைக்கு அடியில் முதலில் பாருங்கள்.

சிம்ரா


மயிலாப்பூர்
19 ஜூலை 2025

அன்பு மகள் சிம்ராவுக்கு,

தலைவரிடம் கேட்டேன். "எங்கிட்ட கணக்குப்பதிவியல்னு ஒண்ணு வரவே இல்லையே பாய்" என்றார். ஒரு புத்தகம் படிக்காமல் விட்டுப்போய்விட்டது என்கிற வருத்தம் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதனால் நம்பினேன்.

இன்று காலை ட்யூஷன் டீச்சர் அன்புக்கரசி சாக்பீஸ் வாங்கக் கடைக்கு வந்தாள். சங்கம் வேறு கடைக்குப் போய்விட்டதே, நீ ஏனம்மா இங்கே என்றேன்.

"சார், அந்தப் புக்கைப் பத்தி எல்லார்கிட்டயும் விசாரிக்கிறீங்களாமே. விசாரிக்காதீங்க. எங்ககிட்டதான் இருக்கு."

மூட்டையை முதலில் பிரித்தவளே அவள்தானாம். பிள்ளைகளுக்கு வணிகவியல் எடுக்கலாம் என்று ஒன்றைத் திறந்திருக்கிறாள். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களில் ஒருத்தியிடம் கொடுத்திருக்கிறாள். அவள் இன்னொருத்தியிடம். ராகவேந்திரன் சார் அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்குவதற்கு முன்பே பன்னிரண்டும் மாடிக்கு மாடி ஏறிவிட்டன. கூட்டத்தன்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர் படித்தவர்கள்தான். அவர்கள் சிரித்ததை என் பேச்சுத் திறமை என்று நினைத்து இரண்டு வாரமாகக் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் கையால எழுதின புக் மட்டும் உடனே வேணும்மா" என்றேன்.

"மூணாவது மாடி அக்கா படிச்சிகிட்டிருக்காங்க. நடுவுல புடுங்க முடியாது சார், அவங்களுக்கு இப்போ அது தேவைப்படுது. வெள்ளிக்கிழமை நானே கொண்டாந்து தரேன்." தந்துவிடுவாள், அந்த முகத்தை நம்பலாம். பிறகு கேட்டாள், "உங்க புக்கெல்லாம் ரொம்ப நல்லாருக்கு சார். இன்னும் இருக்கா?"

அவள் வேண்டுமென்றேதான் கேட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. கடையில் வேறு யாரும் இல்லை. மைக்கும் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"அது என் புக் இல்லம்மா" என்றேன். "என் பொண்ணும் ஜெனிதாவும் நடத்தற லைப்ரரியோடது. ஜெனிதா பேயிங் கெஸ்ட் இல்ல. என் பொண்ணும் அவளும் புருஷன் பொண்டாட்டி எப்படி ஒண்ணா வாழுவாங்களோ அப்படி வாழறாங்க." சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெட்டி சாக்பீஸைக் கீழே போட்டு உடைத்துவிட்டேன்.

அன்புக்கரசி குனிந்து சாக்பீஸைப் பொறுக்கினாள். "ரெண்டு பேர்ல யாரும் புருஷன் இல்ல சார். புக்க ஒழுங்காப் படிங்க" என்றாள். பெட்டியை மேஜையில் வைத்தாள். "அப்புறம், இது நம்ம பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும். ஒங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலையோன்னு நாங்கதான் பாவம் பாத்துகிட்டிருந்தோம்."

உடையாத பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ராகவேந்திரன் என்னைப் பார்த்த பார்வையெல்லாம் தூசு. இந்தப் பெண் பாவம் பார்த்தாளே, அது இன்னும் எரிகிறது. நான் காப்பாற்றி வைத்திருந்ததாக நினைத்த மானம் மொத்தக் கட்டடத்துக்கும் வேடிக்கையாக இருந்திருக்கிறது. அந்தப் பொய்க்காகப் பெருநாள் அன்று உன் ஜெனிதாவைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்களுக்கு நூலகத்தில் சேர வேண்டுமாம். அடையாறுக்கு அடிக்கடி வர வீட்டில் விட மாட்டார்கள். ஆனால் மயிலாப்பூரில் ஸ்டேஷனரிக் கடைக்குப் போகிறேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆள் சேர்க்கும் முறையெல்லாம் எனக்குத் தெரியாது. திறப்பு முடிந்த மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம் கடைக்கு வா.

தனியாக வராதே. ஜெனிதாவோடு வா. கச்சேரி சாலையில் அந்த நேரம் கூட்டமாக இருக்கும், பார்க்கிறவன் எல்லாம் "இது யாரு பாய்?" என்பான். நான் இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன், அதிலும் பாதி தப்பு. பழக வேண்டியிருக்கிறது.

அத்தா
பீர் முஹம்மது